அரேஞ்ச்ல கடைசி நம்பர் ஒரு நேரம் வருது, ஒரு நேரம் வரல, ஏன்?

அரைகுறை_கோடர்:
பைத்தான்ல நம்பை (NumPy, கணக்கு போடுற லைப்ரரி) வச்சு ஒரு சின்ன ப்ளாட் போடலாம்னு உக்காந்தேன், அதுல வரிசையா நம்பர் குடுக்கிற அரேஞ்ச் (arange) ஃபங்ஷனுக்கு தொடக்கம் 0, முடிவு 1, ஸ்டெப் 0.1னு குடுத்தா ஒழுங்கா 0.9 வரைக்கும் 10 நம்பர் வருது, சரி கடைசி நம்பரை சேர்க்காது போலன்னு நெனச்சு அடுத்து 1, 1.3, 0.1னு குடுத்தேன், 3 நம்பர்தான வரணும், ஆனா 1.3யும் சேர்ந்து 4 வருது!! எக்ஸுக்கு 4, ஒய்க்கு 3, ப்ளாட் எரர் அடிக்குது. அரை நாள் போச்சு. இது நம்பையோட பிழையா, அதாவது பக் (bug)-ஆ?

தசமதாசன்:
பக் இல்ல ப்ரோ. 0.1ங்கிறதை பைனரில (கம்ப்யூட்டரோட 0, 1 எண்முறை) முழுசா எழுத முடியாது, நம்ம 1/3ஐ 0.333னு இழுத்துட்டே போற மாதிரிதான். அரேஞ்ச் என்ன பண்ணும்னா முடிவுல இருந்து தொடக்கத்தை கழிச்சு ஸ்டெப்பால வகுத்து, வர்றதை மேல இருக்கிற முழு எண்ணுக்கு ஏத்தி, அத்தனை நம்பர் குடுக்கும். உங்க கேஸ்ல 1.3 − 1 போட்டு பாருங்க, 0.3 வராது, 0.30000000000000004 வரும். அதை 0.1ஆல வகுத்தா 3ஐ விட துளியூண்டு அதிகம், மேல ஏத்தினா 4. முதல் கேஸ்ல 1ஐ 0.1ஆல வகுத்தா சரியா 10 வந்துச்சு, தப்பிச்சீங்க, அவ்ளோதான். முழு எண் ஸ்டெப்னா அரேஞ்ச், தசமம் வந்தா லின்ஸ்பேஸ் (linspace, ஸ்டெப்புக்கு பதிலா எத்தனை நம்பர்னு குடுக்கிறது), நான் இப்படித்தான் வச்சிருக்கேன்.

அரைகுறை_கோடர்:
லின்ஸ்பேஸ்ல 0, 1, 10 போட்டேன், 0.1 வரல, 0.111னு என்னமோ வருது 😭

பழைய_மேட்லாப்_ஆளு:
கைய விரிச்சு பாருங்க தம்பி, விரல் 5, நடுவுல இடைவெளி 4தான். லின்ஸ்பேஸ் கேக்கிறது விரலோட எண்ணிக்கை, அதுவும் முடிவையும் சேர்த்து எண்ணும், அதனால 10 புள்ளிக்கு 9 இடைவெளி, 1/9. உங்களுக்கு 11 குடுக்கணும். எண்ணிக்கையே குடுக்காம விட்டா நம்பைல 50 புள்ளி வரும், மேட்லாப்ல (இதே மாதிரி கணக்கு மென்பொருள்) 100, அங்கேருந்து இங்க வந்தப்ப நான் இதுல நல்லா முழிச்சிருக்கேன். ரெட்ஸ்டெப்பை ட்ரூன்னு வச்சா ஸ்டெப் எவ்ளோன்னும் சேர்த்து சொல்லிடும், சந்தேகம் வந்தா அதை பாத்துக்கலாம்.

அலைவரிசை:
ஒண்ணு சேர்த்துக்கறேன், எஃப்எஃப்டி (FFT, சிக்னல்ல என்னென்ன அலைவரிசை இருக்குன்னு பிரிச்சு பாக்கிறது) பண்றவங்க லின்ஸ்பேஸ்ல எண்ட்பாயிண்ட்டை ஃபால்ஸ்னு வைங்க, முடிவு புள்ளி சேராது. சைன் அலையில 0வும் 2πயும் ஒரே இடம், ரெண்டையும் எடுத்தா ஒரே புள்ளிய ரெண்டு தடவை எண்ணின கதை, ஒரே கோடா ஊசி மாதிரி நிக்க வேண்டிய பீக் பக்கத்துலயும் கசியும். நான் ஒரு வாரம் சிக்னல்லதான் கோளாறுன்னு நெனச்சு ஃபில்டரை நோண்டிட்டு இருந்தேன், கடைசில பாத்தா இந்த ஒரு புள்ளி.

தசமதாசன்:
ஆனா லின்ஸ்பேஸ் போட்டுட்டா 0.3 கரெக்டா 0.3ஆ இருக்கும்னு நம்பிடாதீங்க, 0, 1, 11 போட்டாலும் நாலாவது நம்பர் 0.30000000000000004தான். லின்ஸ்பேஸ் எண்ணிக்கைக்கும் ரெண்டு முனைக்கும்தான் கேரண்டி. ரெண்டு ஈக்குவல் (==) போட்டு ஒப்பிடாம ஈஸ்க்ளோஸ் (isclose, கிட்டத்தட்ட சமமான்னு பாக்கிறது) யூஸ் பண்ணுங்க. இல்லேன்னா அரேஞ்ச்ல வெறும் 11 குடுத்து வர்ற 0 முதல் 10 வரை நம்பர்களை 10ஆல வகுத்துடுங்க, அப்ப 0.3 சுத்தமா 0.3ஆவே வரும். 0.1ஆல பெருக்கிடாதீங்க, பழைய கதை ஆயிடும்.

அரைகுறை_கோடர்:
11 போட்டேன், ப்ளாட் வந்துடுச்சு. 10ஆல வகுக்கிற ஐடியாவும் செம. ஒரு இடத்துல 0.3க்கு ரெண்டு ஈக்குவல் போட்ட இஃப் இருக்கு, அது ஏன் உள்ளயே போகலன்னு இப்பதான் புரியுது 🤦