மறு: ஆஃப்லைன் டவுன்லோட் – ‘தரவிறக்கம்’ பொருந்தாது, ‘இரவல்’ பாருங்கள்

அன்பின் நண்பர்களுக்கு,

வணக்கம். இணையம் இல்லாதபோதும் கேட்க, பார்க்கச் செயலிக்குள் இறக்கி வைக்கும் ‘ஆஃப்லைன் டவுன்லோட்’டுக்குத் தமிழில் என்ன சொல் போடலாம் என்ற இந்த இழையை நாலைந்து நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். “டவுன்லோடுக்கு ஏற்கெனவே ‘தரவிறக்கம்’, ‘பதிவிறக்கம்’ என்று இரண்டு சொல் இருக்க, மூன்றாவது எதற்கு?” என்று சென்னை நண்பர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளும்.

போன மாதம் மாமியோடு திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு இரவு மெயிலில் போனேன். மாமிக்குத் தேவாரம் கேட்டால்தான் நித்திரை வரும். வழியில் சிக்னல் அறும் என்பதால் முந்திய பயணத்துக்கே அவருடைய போனில் பாட்டுச் செயலி ஒன்றுக்குள் நாற்பது பதிகம் இறக்கி வைத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி அப்படியே இருந்தது. கந்தளாய் வரை மாமி எதிர் இருக்கைக்காரரோடு கதைத்துக்கொண்டு வந்தார். அதற்கப்பால் காடு தொடங்கியதும் காதில் மாட்டினார். பட்டியல் முழுக்கச் சாம்பல் நிறம். ‘இணையத்துடன் இணைத்து மீண்டும் முயலவும்.’

“தம்பி, இறக்கி வைச்சிருக்கு எண்டுதானே சொன்னீங்கள்? இறக்கினது எங்க போனது?”

கல்லோயா வரும் மட்டும் விளக்கினேன். மாமி ஒப்புக்கொள்ளவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதுதான் சரி. நாங்கள் துறைமுக ஊர்க்காரர். சீனன்குடாவில் பிறிமா ஆலைக்குக் கப்பலில் கோதுமை வந்து இறங்குகிறது. இறங்கின கோதுமை முப்பது நாள் கழித்துத் தானாக எழும்பிக் கப்பலுக்குள் போய் ஏறிக்கொள்ளாது. ‘இறக்கு’ என்ற வினை எங்களுக்குச் சொல்லும் பொருள் அதுதான்: சாமான் கரைக்கு வந்துவிட்டது, இனி அது இங்கேதான்.

இந்தச் செயலிகளில் நடப்பது வேறு. கோப்பு போனுக்குள் வருவது உண்மை. ஆனால் பூட்டிய பெட்டியாக வருகிறது. திறப்பு, அதாவது சாவி, செயலியின் கையில். திறப்புக்கு ஒரு நாள் கணக்கும் உண்டு. ஸ்பாட்டிஃபையின் விதிப்படி ஒரு கருவியில் 10,000 பாட்டு வரை, 5 கருவிகளில் வைத்திருக்கலாம்; ஆனால் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் முகம் காட்டவேண்டும். நெட்ஃபிளிக்ஸில் சில படங்கள் பார்க்கத் தொடங்கி 48 மணித்தியாலத்தில் காலாவதியாகின்றன. காசு கொடுத்து ‘வாங்கின’ பொருளுக்கும் இதே கதிதான். அமேசான் 2009 ஜூலையில் ஓர்வெல்லின் நூல்களை வாசகர்களின் கிண்டில் மின்னூல் கருவிகளிலிருந்து அழித்ததைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். 2019இல் மைக்ரோசொஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, விற்ற நூல்களும் சேர்ந்தே போயின. காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதையும் சொல்லவேண்டும்.

இனி, வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> ‘தற்காலிகப் பதிவிறக்கம்’ என்று போட்டால் வேலை முடிந்தது.

பொத்தானில் இது முக்கால் வரியைத் தின்றுவிடும் என்பது ஒன்று. ‘தற்காலிகக் கோப்பு’ என்று கணினி தானே உண்டாக்கித் தானே அழிக்கும் குப்பைகளை ஏற்கெனவே சொல்கிறோம் என்பது இன்னொன்று. எவ்வளவு நாள் என்பதைத்தான் இந்தச் சொல் சொல்கிறது. யாருடைய சாமான் என்று மாமி கேட்டதற்கு இதில் பதில் இல்லை.

> ‘குத்தகையிறக்கம்’ அல்லது ‘ஒற்றியிறக்கம்’.

யாழ்ப்பாண நண்பரின் சொற்கள். ரசித்தேன். ஆனால் குத்தகைக்கு எடுத்த வயலில் விளைந்த நெல் குத்தகைக்காரனுக்கு. தவணை முடிந்தாலும் மூட்டை அவன் வீட்டில் கிடக்கும். ஒற்றியில் காணியை அனுபவித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது, கொடுத்த காசு கைக்கு வரும். இங்கே சந்தாவை நிறுத்தினால் நெல்லும் இல்லை, காசும் இல்லை.

நான் சொல்ல வந்தது ‘இரவல்’. புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் பொது நூலகங்களில் ‘இரவல் வழங்கும் பகுதி’ என்ற பலகையைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். புத்தகத்தைத் திறந்தால் உள்ளே ஒட்டின தாள். அதில் ஊதா மையில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரிந்து விழுந்த திகதி முத்திரைகள். கடைசித் திகதிதான் எங்களுக்கு. புத்தகம் வீட்டில், கட்டிலில், தலைமாட்டில் கிடந்தாலும் அது எங்களுடையது என்று ஒருவரும் நினைத்ததில்லை. பொத்தானுக்கு ‘இரவல் எடு’. காலக்கெடுவுக்குத் ‘தவணை’. புதுப்பிக்கத் ‘தவணை நீட்டு’. எல்லாம் நூலக மேசையில் கிடக்கிற சொற்கள்தான்.

> இரவல் என்றால் இலவசம். நாம் மாதாமாதம் பணம் கட்டுகிறோமே?

நூலகத்திலும் அங்கத்துவத்துக்குக் காசு கட்டுகிறோம். அந்தக் காசு வாசலுக்கு. புத்தகம் அப்போதும் இரவல்தான். இதைவிட வலுவான மறுப்பு ஒன்றை ஒருவரும் எழுதவில்லை, நானே எழுதிவிடுகிறேன்: இரவல் கொடுத்தவரிடம் அந்தச் சாமான் இருக்காது, இங்கே அவரிடமும் இருக்கிறது, ஆயிரம் பேரிடமும் இருக்கிறது. சரிதான். அந்த இடத்தில் சொல் கொஞ்சம் நொண்டும். நொண்டினாலும் மாமியைக் காட்டுக்குள் கைவிடாது.

‘இரவல்’ காதுக்குச் சற்று மதிப்புக் குறைவாகப் படுகிறது என்று தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார். படட்டும். இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவன் நான். செயலி வந்த உற்சாகத்தில் இரண்டு பெட்டி கேசட்டைப் பழைய சாமான்காரரிடம் நிறுத்துப் போட்டேன். பொத்தானில் ‘இரவல்’ என்று இருந்திருந்தால் ஒரு பெட்டியையாவது வைத்திருப்பேன்.

அதற்காகத் ‘தரவிறக்க’த்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கோப்பு உண்மையிலேயே கைக்கு வந்து, பெயர் மாற்றி, பென்டிரைவில் போட்டு, அடுத்த வீட்டுப் பொடியனுக்கும் கொடுக்கலாம் என்றால் அது தரவிறக்கம். கலிபோர்னியாவில் 2025இலிருந்து நடைமுறையில் உள்ள ஒரு சட்டமும் இந்த இடத்தில்தான் கோடு கீறுகிறது. மின்பொருளை விற்கும்போது ‘வாங்கு’ என்று போட்டால், கிடைப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லவேண்டும்; திரும்பப் பறிக்க முடியாதபடி நிரந்தரமாக இறக்கிக்கொள்ளக் கொடுத்தால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரு சொல்லை இரண்டு பொருளுக்கு இழுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் ‘செயலி’யே சாட்சி. ப்ராசசருக்கு வைத்த சொல்லை ஆப்புக்கும் கொடுத்துவிட்டு, கடையில் ‘எட்டுக் கருச் செயலி’ என்று வாசிக்கும்போதெல்லாம் தடுமாறுகிறோம்.

வீட்டில் ஒரு சோதனை செய்தேன். பழையபடி நாற்பது பதிகத்தையும் போட்டுக் கொடுத்து, “மாமி, இது இரவல்” என்று மட்டும் சொன்னேன். “அப்ப எப்ப திருப்பிக் குடுக்கோணும்?” என்றார். நான் திகதியைச் சொன்னேன். கலண்டரில் வட்டம் போட்டிருக்கிறார்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து

பி.கு.: ‘தரவிறக்கமா, பதிவிறக்கமா’ சண்டையை இந்த இழைக்குள் இழுக்காதீர்கள், புண்ணியமாகப் போகும். எனக்கு வேண்டியது ஒரு சின்ன உதவி. எடுத்து முடிந்த பாட்டுக்குப் பக்கத்தில் வரும் நிலைக்குறிப்புக்கு ‘இரவலில்’ போதுமா, ‘இரவலில் உள்ளது’ என்றே போடவேண்டுமா? என் பழைய போனில் ‘உள்ளது’ அடுத்த வரிக்கு விழுகிறது.