புதுப்பிப்பு: புரோபேட்டும் வரிப் படிவமும் – சொலிசிட்டர் வேண்டுமா?

அம்மா, அப்பா இருவரும் காலமானபின் இங்கிலாந்தில் உள்ள வீடும் சேமிப்பும் பிள்ளைகளுக்கு வருகிறது, இறந்தவரின் சொத்தைக் கையாள நீதிமன்றம் தரும் அனுமதியான புரோபேட்டையும், வாரிசுரிமை வரிப் படிவத்தையும் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) இல்லாமல் முடிக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிந்தது.

சொத்து 7 லட்சம் பவுண்ட். அடிப்படை வரிவிலக்கு 3,25,000, வீட்டுக்கான கூடுதல் விலக்கு 1,75,000. முதலில் இறந்தவர் எல்லாவற்றையும் துணைக்கே எழுதிவைத்திருந்தால் இரண்டும் இரட்டிப்பாகி 10 லட்சம் வரை வரி இல்லை. ஆனால் வரி இல்லை என்பதால் படிவம் இல்லை என்று அர்த்தமில்லை. வீட்டு விலக்கைக் கோரினால் வாரிசுரிமை வரிக்கான ஐஎச்டி 400 படிவத்தை முழுதாக நிரப்பியே ஆக வேண்டும். கூடவே இணைப்புப் படிவங்கள்: முதலில் இறந்தவரின் விலக்குகளைக் கோர 402, 436, வீட்டு விலக்குக்கு 435, வீட்டு விவரத்துக்கு 405, வங்கிக் கணக்குகளுக்கு 406.

நேரம் தின்றது 402தான். முதலில் இறந்தவரின் உயிலும், புரோபேட் எடுத்திருந்தால் அதன் நகலும் கேட்கிறார்கள். பழைய பெட்டிகளை முதலிலேயே கிளறிவிடுங்கள். வீட்டு மதிப்பு இறந்த தேதியின் சந்தை விலை. இன்றைய விளம்பர விலை அல்ல. யாழ்ப்பாணத்துக் காணியோ சென்னை ஃபிளாட்டோ இருந்தால் 417ஐயும் சேர்க்க வேண்டும்.

பிரிட்டன் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. அனுப்பும் குறியீட்டு எண் வந்தபிறகே புரோபேட் விண்ணப்பம். அசல் உயிலின் ஸ்டேப்பிள் பின்னைக் கழற்றாதீர்கள். துளை தெரிந்தால் ஏதோ இணைப்பு காணோமே என்று விளக்கம் கேட்பார்கள்.

வரி கட்ட வேண்டியிருந்தால் கெடு, இறந்த மாதம் முடிந்து ஆறாவது மாதக் கடைசி. இறந்தவரின் கணக்கில் பணம் முடங்கிக் கிடக்கிறதா? 423 படிவத்தை வங்கியிடம் கொடுத்தால் அந்தப் பணத்திலிருந்து வங்கியே வரியை நேராகக் கட்டும்.

டிரஸ்ட், தொழில், உயில் தகராறு என்றால் சொலிசிட்டரிடமே போங்கள். சதவீதக் கட்டணத்துக்கு ஒத்துக்கொள்ளாமல், நிலையான தொகை கேளுங்கள்.