பிளையோமெட்ரிக்ஸ்: மீள்துள்ளல் சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். பதின்ம வயதினருக்கான உடற்பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிளையோமெட்ரிக்ஸுக்கு ‘குதிப்புப் பயிற்சி’ என்று போட்டிருந்தேன். பயிற்சியாளர் ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டியிலிருந்து இறங்கி, பாதம் தரையில் பட்ட கால் நொடிக்குள் மேலே எழும்ப வேண்டும், தாமதித்தால் அது வெறும் குதிப்புதான் என்கிறார். தமிழில் என்ன சொல் போடலாம்?

*

ஐயா, வேரைப் பாருங்கள். 1975இல் அமெரிக்கத் தடகளப் பயிற்சியாளர் ஃபிரெட் வில்ட் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது. கிரேக்கத்தில் ‘மிகுதி’யும் ‘அள’வும் சேர்ந்தது. மிகுதிக்கு நம்மிடம் உறு, தவ, நனி மூன்றும் இருக்கின்றன. ‘நனியளவை’ என்போம். தூய தமிழ், பகுதியும் தெளிவு.

*

> ‘நனியளவை’ என்போம்.

பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இதில் எதுவும் விளங்காது ஐயா. வேரை விட்டு வினையைப் பெயர்ப்போம். இறங்கும்போது தொடைத் தசை நீள்கிறது, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அந்த ஆற்றலைப் பிடித்து வைக்கிறது. உடனே சுருங்கினால் அது எழும்பலோடு சேரும், நின்றுவிட்டால் வெப்பமாகப் போய்விடும். இந்த மீட்சிதான் பயிற்சியின் உயிர். அதனால் ‘மீள்துள்ளல்’. கலிப்பாவின் ஓசையே துள்ளல்தானே! காய்ச்சீர் முன் நிரையசை வரும் கலித்தளையைச் சொல்லிப் பாருங்கள்: நேரசையில் இறங்கி, நிரையசையில் எழும்பும்.

*

கலித்தளை அழகு. ஆனால் மெடிசின் பால் என்ற கனமான பயிற்சிப் பந்தை மார்பிலிருந்து எறிவதும் பிளையோமெட்ரிக்ஸ்தான். கை துள்ளுமா? ‘மீள்விசைப் பயிற்சி’ என்றால் இரண்டும் அடங்கும்.

*

மீள்விசை இயற்பியலில் சுருள்வில்லுக்குப் போய்விட்டது அம்மா. அதே மாணவர்கள்தான் இதையும் படிப்பார்கள், குழம்புவார்கள். சோவியத் பயிற்சியாளர் வெர்கொஷான்ஸ்கி இதே வகைப் பயிற்சிக்குச் சொன்ன ‘அதிர்ச்சி முறை’யையும் யாரும் கொண்டுவர வேண்டாம். அது முதிர்ந்த வீரர்கள் உயரத்திலிருந்து இறங்கிச் செய்தது. வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளும் இடம்) மூடாத பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தவறான தூண்டுதல். சொல் எதுவானாலும் கையேட்டில் இறங்கும் முறை முதலில் வரட்டும்: முழங்கால் உள்நோக்கி மடியக் கூடாது, தாழ்ந்த பெட்டி போதும், அடுத்த பயிற்சிக்கு முன் 48 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

*

எல்லோருக்கும் நன்றி. இறங்கும் முறையை முன்னால் நகர்த்திவிட்டேன். ‘மீள்துள்ளல்’ என்றே போகிறது. முதல் இடத்தில் மட்டும் பிளையோமெட்ரிக்ஸ் என்றும் சேர்க்கிறேன்.

*

சரி, அச்சுக்கு அனுப்புங்கள். ஆனால் பந்தெறியும் பக்கத்தில் ‘துள்ளல்’ என்று பார்க்கிற பிள்ளை குதிக்கத்தான் போகிறது. என் மறுப்பு அப்படியே இருக்கிறது.