அம்மாவின் வீங்கிய கால்: எந்த மாத்திரையை நிறுத்துவது?

காவிரிக்கரையாள்
அம்மாவுக்கு 71 வயது. மயிலாடுதுறைக்குப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கிறார், நான் கோவையில். சர்க்கரை கிடையாது, பக்கவாதமும் வந்ததில்லை. இரத்த அழுத்தத்துக்கு நான்கு வருடமாகக் காலையில் அம்லோடிபின் 5 மி.கி. ஒன்று. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதாமாதம் வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தை மாதம் 164/82 இருந்ததால் 10 மி.கி. ஆக்கினார்கள். மூன்று வாரத்தில் இரண்டு கால்களும் வீங்கிவிட்டன. மெட்டியைச் சோப்புப் போட்டுத்தான் கழற்ற முடிந்தது. கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் குழி விழுகிறது. அது தூர்ந்துபோக ஒரு நிமிடம் ஆகிறது.

தனியார் மருத்துவர் ஒருவர் வீக்கத்துக்கு ஃபுரோசெமைடு என்ற சிறுநீர் பிரிக்கும் மாத்திரை எழுதினார். வீக்கம் குறையவில்லை. ஆனால் ஓயாமல் சிறுநீர், இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. போன வாரம் விடியற்காலையில் கொல்லைப்புறப் படியில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். அண்ணன், எல்லா மாத்திரையையும் நிறுத்து என்கிறான். எதை நிறுத்துவது, எதை மாற்றுவது?

வேம்படி
உங்கள் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அம்மா. பிரஷருக்கு ஒரு மாத்திரை, அந்த மாத்திரை தந்த வீக்கத்துக்கு இன்னொரு மாத்திரை. இனி கால் இழுப்புக்கு மூன்றாவது வரும், அதனால் வரும் வயிற்றெரிச்சலுக்கு நான்காவது வரும். எனக்கு வயது 66. 2019இல் என் மாத்திரையைக் குப்பையில் போட்டேன். தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன், இரவில் இரண்டு இட்லியோடு சரி. இப்போது 138/84. நம் மண்ணிலேயே பிரஷருக்குச் சர்ப்பகந்தா மூலிகை இருக்கும்போது ஏன் இந்த அடிமைத்தனம்?

பழைய மருந்தாளர்
அரசு மருத்துவமனையில் 31 வருடம் மருந்து கொடுத்தவன் நான். முதலில் வீக்கத்தைப் பேசுவோம், சர்ப்பகந்தா பிறகு.

இரத்தத்தைக் கொண்டுவரும் நுண்தமனிகளை அம்லோடிபின் நன்றாகத் தளர்த்துகிறது. திருப்பிக் கொண்டுபோகும் சிரைகளை அந்த அளவுக்குத் தளர்த்துவதில்லை. மதகை அகலத் திறந்துவிட்டு வடிகாலை அப்படியே விட்ட வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர் சுற்றியுள்ள திசுவில் கசிந்து நிற்கிறது. உடம்பில் நீர் கூடிப்போனதால் வந்த வீக்கம் அல்ல இது. அதனால்தான் ஃபுரோசெமைடு இதை வடிப்பதில்லை. இரத்தத்திலிருந்து நீரையும் பொட்டாசியத்தையும்தான் இழுத்துக்கொண்டு போகிறது. கெண்டைக்கால் இழுப்பும் விடியற்காலைத் தள்ளாட்டமும் அங்கிருந்து வந்திருக்கலாம். 5 மி.கி.யில் இந்த வீக்கம் குறைவு. 10 மி.கி. போடுபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வரும், பெண்களுக்குக் கூடுதல்.

ஒரே மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்குவதைவிட வேறு வகையில் ஒன்றைக் குறைந்த அளவில் சேர்த்தால் இரத்த அழுத்தம் ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடுதலாக இறங்குகிறது என்று 42 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்து 2009இல் எழுதினார்கள். அம்லோடிபினை 5 மி.கி.க்கே இறக்கி, டெல்மிசார்டன் 40 சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். டெல்மிசார்டன் சிரைகளையும் தளர்த்துவதால் இருக்கிற வீக்கமும் குறையும்.

சர்ப்பகந்தா: வேம்படி ஐயா, அதை நாங்கள் மறந்துவிடவில்லை. பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949இல் ஆங்கில இதய மருத்துவ இதழில் அதைப் பற்றி எழுதித்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். மாத்திரையாகப் பல வருடம் ஓடியது. மூக்கடைப்பு, மந்தம், அளவு கூடினால் மனச்சோர்வு. அதைவிட நல்லவை வந்ததும் பின்வரிசைக்குப் போனது. வேராகத் தின்றாலும் உள்ளே இருப்பது அதே ரெசர்பின்தான், எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

கணக்குப்பிள்ளை
மருந்தாளர் ஐயா சொன்ன வழி சரி, ஆனால் பாதி வழி. 164இல் இருக்கும் ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று இங்கே ஒருவரும் பேசவில்லை. 2015இல் அமெரிக்காவில் வெளிவந்த ஸ்பிரிண்ட் ஆய்வில் 9,361 பேர். ஒரு பாதிக்கு இலக்கு 140க்குக் கீழே, மறுபாதிக்கு 120க்குக் கீழே. 120 பிரிவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, இதயநோய் மரணம் எல்லாம் சேர்த்து கால்வாசி குறைந்தது. பாதியிலேயே நிறுத்திவிட்டு முடிவை அறிவித்தார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இல்லை, பக்கவாதம் வந்ததில்லை. அந்த ஆய்வுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறார். இரண்டு மாத்திரை போதவில்லை என்றால் மூன்றாவதாகக் குளோர்தாலிடோன், அதுவும் சிறுநீர் பிரிக்கும் வகைதான். 2002இல் வெளிவந்த ஆல்ஹாட் ஆய்வில் 33,357 பேரிடம் அம்லோடிபினையும் லிசினோப்ரில் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையையும் எதிர்த்து நின்ற பழைய, மலிவான மருந்து அது. இதயச் செயலிழப்பைத் தடுப்பதில் அம்லோடிபினைவிட மேல்.

இரவுப்பணி
கணக்குப்பிள்ளை ஐயா, முதியோர் வார்டில் பன்னிரண்டு வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். நீங்கள் புகழும் குளோர்தாலிடோன் போட்ட பாட்டி ஒருவரைப் பக்கவாதம் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெயர் சொல்லத் தெரியவில்லை, மகனைத் தன் தம்பி என்று நினைத்தார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, இரத்தத்தில் சோடியம் மிகவும் இறங்கி 114. மூன்று நாளில் தெளிந்து, காபியில் சர்க்கரை போதவில்லை என்று என்னைத் திட்டினார். மருந்து கெட்டதில்லை. ஆனால் இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் பார்க்க ஆள் இல்லாத கிராமத்தில், தனியாக இருக்கும் 71 வயதுக்காரருக்கு அதை அவசரப்பட்டுச் சேர்க்க வேண்டாம்.

120 என்பது எந்த 120? அந்த ஆய்வில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, தானியங்கிக் கருவியில் பல முறை எடுத்த சராசரி. நம் ஊரில் பஸ்ஸிலிருந்து இறங்கி, வரிசையில் நின்று, ஸ்டூலில் உட்கார்ந்தும் உட்காராமலும் ரவிக்கைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றுவார்கள். எடுக்கும்போதே ‘மருமகள் சௌக்கியமா’ என்று கேள்வி வேறு. அப்படி எடுத்த 164ஐ வைத்துக்கொண்டு 120க்கு இறக்கினால் ஆளே இறங்கிவிடுவார். 2008இல் ஹைவெட் ஆய்வில் 80 வயது தாண்டிய 3,845 பேருக்கு வைத்த இலக்கு 150தான். அதற்கே மரணம் குறைந்தது.

கணக்குப்பிள்ளை
இவருக்கு 80 ஆகவில்லை, சகோதரி. ஸ்பிரிண்டில் 75 தாண்டியவர்களே 2,636 பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் பலன் கிடைத்தது. கீழே விழுந்து அடிபட்டவர்கள் இரு பிரிவிலும் ஏறக்குறைய சமம். மயக்கமும் சிறுநீரகச் சிக்கலும் கூடியது உண்மை, மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் ஒரு பாட்டியைக் காட்டுகிறீர்கள். மாத்திரையைக் குறைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்து, வாய் கோணிப் படுத்துவிட்டவர்கள் உங்கள் வார்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தீர்களா?

இரவுப்பணி
எண்ணியிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் மாத்திரையை அறவே விட்டவர்கள். 140இல் இருந்தவர்கள் அல்லர்.

வேம்படி
என்னைக் குத்துகிறீர்கள் என்று புரிகிறது. நான் விட்டேன், நன்றாகத்தான் இருக்கிறேன். முதல் வாரம் மட்டும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. உள்ளே இருந்த மருந்து விஷம் முறிகிறது என்று எங்கள் வைத்தியர் சொன்னார்.

பழைய மருந்தாளர்
மாத்திரையின் பெயர் அட்டெனோலாலா?

வேம்படி
ஆமாம். எப்படித் தெரிந்தது?

பழைய மருந்தாளர்
விஷமும் இல்லை, முறிவும் இல்லை. அட்டெனோலாலைத் திடீரென்று விட்டால் அதுவரை அடக்கி வைத்திருந்த இதயம் துள்ளும். சிலருக்கு நெஞ்சுவலியே வரும். படிப்படியாகக் குறைத்துத்தான் விடவேண்டும். உங்களுக்கு ஒன்றும் ஆகாதது அதிர்ஷ்டம். அந்த மருந்து உங்களுக்குத் தேவைப்பட்டிருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். லைஃப் ஆய்வில், டெல்மிசார்டன் வகையைச் சேர்ந்த லோசார்டனோடு ஒப்பிட்டபோது பக்கவாதத்தைத் தடுப்பதில் அது பின்தங்கியது. 2006இலேயே பிரிட்டனில் முதல் வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். உங்கள் எடை எவ்வளவு குறைந்தது?

வேம்படி
11 கிலோ.

பழைய மருந்தாளர்
அதுதான் உங்கள் மருந்து. காவிரிக்கரையாளின் அம்மாவிடம் குறைக்க எடை இருக்கிறதா என்று தெரியவில்லை.

அம்மா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நான்கு வருடம் 5 மி.கி.க்கு அடங்கியது தை மாதம் ஏன் ஏறியது? வேறு என்ன சாப்பிடுகிறார்? மாத்திரை, பொடி, கஷாயம், கடையில் கேட்டு வாங்கியது, எதையும் விடவேண்டாம்.

காவிரிக்கரையாள்
எடை 46 கிலோ, ஐயா. குறைத்தால் ஆளே இருக்கமாட்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணைவிட்டு அம்மாவின் சுருக்குப் பையைக் கொட்டிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வெற்றிலை, பாக்கு, ஒரு ரூபாய்க் காசுகள், தண்ணீரில் போட்டால் பொங்கும் வாயுப் பொடி ஐந்து பாக்கெட், மஞ்சள் மாத்திரை ஆறு. முட்டி வலிக்கு என்றாராம். கார்த்திகை மழையிலிருந்து தினம் இரண்டு. கடையில் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்திருக்கிறார்கள், ‘...ஃபெனாக்’ என்ற வால் மட்டும் தெரிகிறது.

பழைய மருந்தாளர்
வால் போதும். முன்பாதி டைக்ளோவானாலும் அசெக்ளோவானாலும் குணம் ஒன்று. உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும், காலை வீங்கவைக்கும். ஆகவே வீக்கத்தின் பழி முழுவதையும் அம்லோடிபின் மேல் போட்டது என் அவசரம். பொங்குகிற பொடியில் இருப்பது சோடாவுப்பு, சோடியம்தான் அதுவும். ஊறுகாயை நிறுத்தச் சொல்லிவிட்டு இதை மறந்துவிடுகிறோம்.

இன்னொன்று. நான் சொன்ன டெல்மிசார்டன், அந்த ஃபுரோசெமைடு, இந்த வலி மாத்திரை மூன்றும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது. டெல்மிசார்டன் தொடங்குவதென்றால் அதற்கு முன்னும், தொடங்கிய இரண்டு வாரத்திலும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். டெல்மிசார்டனோடு அது வேண்டாம்.

வேம்படி
பார்த்தீர்களா? ஏற்றியதும் இங்கிலீஷ் மாத்திரைதானே!

இரவுப்பணி
ஆமாம், ஐயா. மருத்துவர் எழுதாத இங்கிலீஷ் மாத்திரை. முட்டிக்குப் பாராசிட்டமாலும் எண்ணெய் ஒத்தடமும் போதுமா என்று பார்க்கட்டும். எண்ணெயை நீங்களே சொல்லுங்கள், எதிர்க்கமாட்டேன்.

காவிரிக்கரையாள், வீட்டுக்கு இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கிக் கொடுங்கள். மேற்கையில் கட்டுவது, மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். ஒல்லிக் கைக்கு ஏற்ற பட்டையாகக் கேளுங்கள். உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து ஒன்று. எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று. அந்த இரண்டாவதை யாரும் எடுப்பதில்லை.

காவிரிக்கரையாள்
சரி. மாத்திரையை இரவில் போட்டால் நல்லது என்று ஒரு காணொலியில் பார்த்தேன். மாற்றலாமா?

கணக்குப்பிள்ளை
தேவையில்லை. பிரிட்டனில் 21,104 பேரிடம் காலையா, இரவா என்று பார்த்து 2022இல் வெளியிட்டார்கள், வித்தியாசம் இல்லை. மறக்காத நேரம் எதுவோ அதுவே நேரம். எந்த இரண்டு மாத்திரை ஜோடி நல்லது என்று அடுத்துக் கேட்பீர்கள். நம் நாட்டிலேயே 32 மருத்துவமனைகளில் 1,981 பேருக்கு மூன்று விதமான ஜோடிகளைக் கொடுத்துப் பார்த்து 2024இல் வெளியிட்டார்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இறக்கின. மருந்தின் பெயரில் எனக்குப் பிடிவாதம் இல்லை. இறங்கவேண்டிய எண்ணில்தான் பிடிவாதம்.

காவிரிக்கரையாள்
ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். சனிக்கிழமை ஊருக்குப் போய், பையைக் கவிழ்த்து மருத்துவரின் மேசையிலேயே கொட்டினேன். மஞ்சள் மாத்திரையைப் பார்த்ததும் அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அதையும் ஃபுரோசெமைடையும் நிறுத்தினார். அம்லோடிபின் 5, டெல்மிசார்டன் 40. கிரியாட்டினின் 1.0, பொட்டாசியம் 4.4, இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோதும் பெரிய மாற்றம் இல்லை. வீக்கம் பன்னிரண்டாம் நாள் வடிந்தது. மெட்டி திரும்ப ஏறிவிட்டது. முட்டி வலிக்கிறது என்று தினமும் தொலைபேசியில் என்னைத் திட்டுகிறார்.

பக்கத்து வீட்டுப் பெண் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் குறித்து வைத்திருக்கிறாள். கடைசி ஏழு நாள் சராசரி: உட்கார்ந்து 142/78. நின்று 118/70.

இரவுப்பணி
24 இறங்குகிறது. 20 இறங்கினாலே நாங்கள் கவனிப்போம். ஐயா, இந்த அம்மாவுக்கு மூன்றாவது மாத்திரையா?

கணக்குப்பிள்ளை
நின்றபின் 110க்குக் கீழே போகிறவர்களைத்தான் ஸ்பிரிண்டில் சேர்க்கவில்லை. 118 என்றால் இவரைச் சேர்த்திருப்பார்கள்.

இரவுப்பணி
சேர்த்திருப்பார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு இருட்டில் அந்தப் படியில் யார் கையைப் பிடிப்பார்கள்?

கணக்குப்பிள்ளை
இந்த நிலையில் நானும் உடனே மூன்றாவதைச் சேர்க்கமாட்டேன். ஆனால் 142ஐ வெற்றி என்று எழுதிக்கொடுக்கவும் மாட்டேன். மூன்று மாதம் கழித்து இதே இரண்டு அளவுகளையும் இங்கே போடுங்கள், அம்மா. அப்போது மறுபடி பேசுவோம்.

காவிரிக்கரையாள்
போடுகிறேன். அண்ணன் படிக்குக் கைப்பிடிக் குழாய் வைக்கிறான், கொல்லைப்புறத்துக்கு விளக்கும். மாத்திரையை நிறுத்து என்று இப்போது சொல்வதில்லை. வாயுப் பொடி இரண்டு பாக்கெட் மட்டும் மறுபடி சுருக்குப் பைக்குள் வந்திருக்கிறது. யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று கேட்டால் அம்மா, அண்ணன், பக்கத்து வீட்டுப் பெண் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.