அம்மாவோட பழைய டேப்லட்டுல பாதி தளம் சிவப்பு எச்சரிக்கை காட்டுது, தட்டி உள்ள போலாமா?

தேக்காவாசி:
அம்மாகிட்ட இருக்கறது ஆண்ட்ராய்டு 6 டேப்லட், நல்லாத்தான் ஓடுது, ஆனா அவங்க தினம் பாக்கற கோயில் தளம், தேவாரம் படிக்கற சின்ன தளம் எதைத் திறந்தாலும் சிவப்பு முக்கோணம் போட்டு 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல'ன்னு திரையை அடைச்சிக்கிட்டு வருது. முன்னாடி இப்படி இல்ல. பேங்க் தளம் மட்டும் ஒழுங்கா திறக்குது, அதான் புரியல. எனக்கு பெரிய கவலை என்னன்னா, அம்மா இப்பல்லாம் எதையும் படிக்காமலே கீழ இருக்கற சின்ன எழுத்தைத் தட்டி உள்ள போயிடறாங்க. இங்க சிங்கப்பூர்ல ஸ்கேம்ல எத்தனை பேர் சேமிப்பையே பறிகொடுக்கறாங்க, நெனச்சாலே பயமா இருக்கு.

பூன்லே குமார்:
டேப்லட்டுல தேதி சரியா இருக்கா பாருங்க, தேதி தப்புன்னா இதே எச்சரிக்கை வரும். ஆனா பேங்க் திறக்குதுன்னா அது இல்ல. ஒரு தளம் உண்மையானதுதான்னு காட்ட சான்றிதழ் வேணும், சின்ன தளங்க நிறைய பேர் லெட்ஸ் என்க்ரிப்ட்ங்கற அமைப்போட இலவச சான்றிதழ் போடறாங்க. அதோட புது ரூட், அதாவது அந்த சான்றிதழை நம்பலாமான்னு கருவி ஒத்துப் பாக்கற மூல சான்றிதழ், ஆண்ட்ராய்டு 7.1.1லேர்ந்துதான் சிஸ்டத்துல இருக்கு. அவங்க முன்னாடி நம்பியிருந்த பழைய ரூட் 2021 செப்டம்பர்லயே காலாவதி, அப்புறமும் பழைய போன்களுக்காக ஒரு ஏற்பாடு பண்ணி 2024 செப்டம்பர் வரைக்கும் ஓட்டுனாங்க, அதுவும் முடிஞ்சிருச்சு. பேங்க்கெல்லாம் ரொம்ப நாளா இருக்கற வேற நிறுவனத்துக்கிட்ட வாங்கறதால அது பழைய லிஸ்ட்லயே இருக்கு. கோயில் தளத்துல தப்பே இல்லாம இருக்கலாம், டேப்லட்டுக்குத்தான் அந்த ரூட்டை அடையாளம் தெரியல.

மலர்_யீஷூன்:
குமார் அண்ணன் சொன்னது சரி, ஆனா அதுக்காக தட்டி உள்ள போற பழக்கத்தை வளர விடவே கூடாது. தேவாரம் படிக்கறதுக்கு தட்டுன கை நாளைக்கு போலி பேங்க் பக்கத்துலயும் அதையே தட்டும். குரோம் பிரௌசர் அந்த ஆண்ட்ராய்டு 6க்கு 106ஆவது பதிப்போட நின்னுபோச்சு. ஃபயர்ஃபாக்ஸ் பிரௌசர் ரூட் லிஸ்ட்டை தன்கிட்டயே வச்சிருக்கறதால கோயில் தளம் அதுல திறந்துடும், ஆனா அதுவும் இப்ப ஆண்ட்ராய்டு 8க்குக் கீழ புது பதிப்பு விடறதில்ல. அதனால படிக்க மட்டும் வச்சிக்கட்டும், பேங்க்கும், அரசாங்க சேவைக்கு உள்ள நுழையற சிங்பாஸும் அந்த டேப்லட்டுல வேணவே வேணாம்.

இன்னொன்னு, 'வைரஸ் வந்திருச்சு, இந்த நம்பருக்கு கூப்பிடு'ன்னு வர்றது பிரௌசர் எச்சரிக்கையே இல்ல. உண்மையான எச்சரிக்கைல போன் நம்பர் இருக்காது, இதை மட்டும் அம்மாகிட்ட அடிச்சு சொல்லிடுங்க. பூட்டுப் படம் இருந்தா நல்ல தளம்னும் நம்பக் கூடாது, திருட்டுத் தளத்துக்கும் இலவச சான்றிதழ் ஈசியா கிடைக்குது. சந்தேகம் வந்தா 1799, அதான் ஸ்கேம்ஷீல்டுங்கற மோசடி உதவி எண், தயங்காம கூப்பிடச் சொல்லுங்க.

தேக்காவாசி:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். பேங்க்கை இன்னிக்கே அதுலேர்ந்து எடுத்துடறேன். புது டேப்லட் வாங்கித் தரேன்னா அம்மா வேணாம்னு நிக்கறாங்க, நான் பேசிப் பாக்கறேன்.

பூன்லே குமார்:
வாங்குனா எத்தனை வருஷத்துக்கு அப்டேட் தர்றாங்கன்னு கேட்டு வாங்குங்க, விலையைவிட அதுதான் முக்கியம். லைப்ரரி, சிசி (சமூக மன்றம்)ல அரசாங்கத்தோட எஸ்ஜி டிஜிட்டல் ஆளுங்க பெரியவங்களுக்கு பக்கத்துல உக்காந்து பொறுமையா சொல்லித் தர்றாங்க, அம்மாவ கூட்டிட்டுப் போங்க.