சிகரெட்டை எப்படி விட்டீர்கள்: வைராக்கியமா, மருந்தா?

குற்றாலச்சாரல்:

போன வாரம் இன்னொரு திரியில் ஒரு தம்பி, "சிகரெட்டை விடணும், எந்த நிக்கோட்டின் சூயிங்கம் நல்லது?" என்று கேட்டிருந்தார். ஆளாளுக்கு ஒரு பிராண்டு சொன்னார்கள். "எதையும் வாங்காதே, இன்றைக்கே நிறுத்து" என்று ஒருத்தர்கூட சொல்லவில்லை. அது மனசை உறுத்திக்கொண்டே இருந்ததால் தனியாக எழுதுகிறேன்.

எனக்கு 46 வயது. 19 வயதில் பிடித்த பழக்கம், 14 மாதமாகத் தொடவில்லை. அதற்கு முன்னால் 11 வருடம் தொடர்ந்து சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறேன். கார்த்திகை ஒன்றாம் தேதி விடியற்காலையில் குளித்து மாலை போட்ட நிமிடத்திலிருந்து ஒரு மண்டலம், 48 நாள், ஒரு இழுப்புகூடக் கிடையாது. மலையிறங்கி வந்து, வீட்டில் தேங்காய் உடைத்து, அம்மா கையால் மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே பெட்டிக்கடைக் கயிற்று நெருப்பில் பற்ற வைத்துவிடுவேன். 11 வருடமும் இதே கதைதான்.

பன்னிரண்டாவது தடவை, முந்தின வருடம், கழற்றிய துளசி மாலையைப் பூஜை அறையில் மாட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சிகரெட் பெட்டி இருக்கும் அதே இடது பை. டீ குடித்து முடித்ததும் கை தானாக அங்கே போகும், மணி விரலில் படும், கை திரும்பி வந்துவிடும். முதல் ஒரு மாதம் அந்த மணிகளை எத்தனை தடவை தொட்டேன் என்று கணக்கே இல்லை. அவ்வளவுதான் என் வைத்தியம். சூயிங்கம் என்பது அதே நிக்கோட்டினை வேறு கடையில் வாங்குவது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறேன் என்பவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். வைராக்கியம் இருந்தால் விடலாம், இல்லாவிட்டால் எந்த மாத்திரையும் காப்பாற்றாது.

ஈரோடு மருந்தாளுநர்:

அண்ணாச்சி, 14 மாதம் பெரிய விஷயம், மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் கடைசி வரியை ஏற்க முடியாது. நான் 17 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன், நானும் சூயிங்கம் போட்டு 12 வாரத்தில் விட்டவன்தான். "வைராக்கியம் இல்லாதவன்" என்று வீட்டில் பேச்சு வாங்கி, அடுத்த முயற்சிக்கே பயந்து நிற்கிற ஆட்களைத் தினமும் பார்க்கிறேன்.

எந்த உதவியும் இல்லாமல் சட்டென்று நிறுத்துகிறவர்கள் நூறு பேர் என்றால், ஒரு வருடம் கழித்துப் புகைக்காமல் இருப்பது மூன்று முதல் ஐந்து பேர்தான். நிக்கோட்டின் சூயிங்கமோ தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையோ சேர்த்தால் அந்த வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிறது, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்ன கணக்கு இது. அதே நிக்கோட்டின்தானே என்கிறீர்கள். பழக்கத்தில் கட்டி வைப்பது நிக்கோட்டின், உண்மை. நுரையீரலையும் இதயத்தையும் கெடுப்பது பெரும்பாலும் புகையில் வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும். சூயிங்கத்தில் அந்தப் புகை கிடையாது.

அப்புறம் ஒரு கேள்வி. மாலை போட்டிருக்கும்போது உங்கள் பெட்டிக்கடைக்காரர் கேட்டால் சிகரெட் கொடுப்பாரா?

குற்றாலச்சாரல்:

கொடுக்க மாட்டார். "சாமி, இது வேண்டாம்" என்பார். அதற்கும் நான் சொன்னதற்கும் என்ன சம்பந்தம்?

ஈரோடு மருந்தாளுநர்:

அதுதான் சம்பந்தம். கறுப்பு வேட்டி கட்டியதும் ஊரே உங்களைச் சாமி என்று கூப்பிடுகிறது. வீட்டில் தனிச் சமையல், இரண்டு வேளைக் குளியல், தரையில் படுக்கை, சாயங்காலம் பஜனை, கூட இருப்பவர்கள் எல்லோரும் விரதம். உங்களிடம் தீப்பெட்டி நீட்ட ஒருத்தர்கூட இல்லை. 48 நாளும் மொத்த ஊரும் உங்களைத் தாங்கியிருக்கிறது. உடம்பு நிக்கோட்டினைக் கேட்டு அலறுவது முதல் மூன்று நான்கு நாள்தான் உச்சம், அதன் பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்தக் கஷ்டத்தை நீங்கள் 11 தடவை கடந்திருக்கிறீர்கள். 49-ஆம் நாள் எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள், விழுந்தீர்கள். 12-ஆம் தடவை பையில் மணிகள் இருந்தன. அதுவும் ஒரு உதவிதானே, அண்ணாச்சி? உங்களுக்கு மாலை செய்ததை, மாலை போடாதவருக்குச் சூயிங்கம் செய்கிறது.

குற்றாலச்சாரல்:

மாலையையும் மருந்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். மாலை என்பது கொடுத்த வாக்கு. மருந்து காசு கொடுத்தால் கிடைப்பது. என் சிநேகிதர் ஒருவர் சூயிங்கம் வாங்கிவந்து இரண்டே நாளில் விக்கல், வயிற்று எரிச்சல் என்று தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பப் பெட்டிக்கடைக்குப் போனார். கண்ணால் பார்த்தது.

ஈரோடு மருந்தாளுநர்:

அவர் அதைப் பபிள்கம் மாதிரி மென்றிருப்பார். பாதிப் பேர் செய்யும் தவறு, கவுண்டரில் சொல்லிக் கொடுக்காமல் கொடுப்பது எங்கள் ஆட்களின் தவறு. நாலைந்து கடி மெதுவாகக் கடிக்க வேண்டும், நாக்கில் காரமாகச் சுள்ளென்று ஏறியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுள்ளென்பது அடங்கியதும் மறுபடி கடித்து, வேறு பக்கம் ஒதுக்க வேண்டும். ஒன்று அரைமணி நேரம் வரும். நிக்கோட்டின் வாய்த்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும், எச்சிலோடு விழுங்கினால் வேலை செய்யாது, விக்கலும் எரிச்சலும்தான் மிச்சம். போடுவதற்குக் கால்மணி நேரம் முன்பிருந்து காபி, கலர், ஜூஸ் எதுவும் கூடாது. எழுந்த அரைமணிக்குள் முதல் சிகரெட்டைப் பற்ற வைக்கிற ஆளுக்கு 2 மி.கி. போதாது, 4 மி.கி. வேண்டும், அதை டாக்டரைப் பார்த்து வாங்குவது நல்லது.

மேலப்பாளையம் மகள்:

இருவரும் சொல்வதைப் படித்துக்கொண்டிருந்தேன். விட நினைக்கிற ஆளின் மனசையும் வாயையும் பற்றியே பேசுகிறீர்கள், அவர் இருக்கிற வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

எங்கள் வாப்பா ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடிப்பார். நோன்பு மாதத்தில் விடியலிலிருந்து மக்ரிப் வரை தொட மாட்டார், முப்பது நாளும். அந்த மனுசனுக்கு வைராக்கியம் இல்லை என்று யார் சொல்வது? பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்து, கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்ததும் திண்ணையில் பீடி. 61 வயதில் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் திட்டியதில் ஐந்து வாரம் நிறுத்தினார், அப்புறம் குளியலறையிலிருந்து வாடை வர ஆரம்பித்தது.

எங்கள் உம்மா பீடி சுற்றுகிறவர். சுளகில் இலையும் தூளும் எப்போதும் நடுவீட்டில் இருக்கும். அந்தக் காசில்தான் நானும் அக்காவும் படித்தோம், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பீடியை விடச் சொல்கிற மனுசனைச் சுற்றி நாள் முழுக்க அந்தத் தூள் மணக்கிறது. பெட்டியில் அச்சடித்திருக்கிற 1800-11-2356 இலவச எண்ணுக்கு நான்தான் போன் செய்தேன். தமிழிலேயே பேசினார்கள். "ஒரு நாளில் எந்தப் பீடியை விடுவது உங்களுக்கு ரொம்பக் கஷ்டம்?" என்று வாப்பாவிடம் கேட்டார்கள். அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. சுபுஹு தொழுதுவிட்டு வந்து டீயோடு குடிப்பது என்றார்.

அதிலிருந்து தொடங்கினோம். காலை டீயை நிறுத்தி இஞ்சி தட்டிப் போட்ட கஞ்சி, அதையும் திண்ணையில் இல்லை, அடுப்படியில் உட்கார்ந்து. உம்மா சுளகைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்ச் சுற்றினார், தினமும் மூன்று தெரு நடந்து போய் வந்தார். மூன்றாம் நாள் வாப்பா ஒரு காரணமும் இல்லாமல் தட்டை எறிந்தார், அன்றைக்கு அழுதார்கூட. இப்போது இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் யாருடைய வைராக்கியம் ஜெயித்தது என்று கேட்டால் நான் உம்மாவைத்தான் சொல்வேன்.

நாமக்கல் லாரி:

தங்கச்சி எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. அண்ணாச்சிக்கு ஒரு பதில்: கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விட்டவன் நான் இருக்கிறேன், மூன்று வருடம் முடிந்தது. எண்ணிக்கையைக் குறைக்கவில்லை, இடத்தைக் குறைத்தேன். முதல் மாதம், கேபினுக்குள் பற்ற வைப்பதில்லை, வண்டியை ஓரம் கட்டி இறங்கினால்தான். ராத்திரி ஓட்டத்தில் அதற்காக எத்தனை தடவை நிறுத்துவது, பாதி தானாகக் குறைந்தது. அடுத்த மாதம் லோடு ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் மட்டும். அப்புறம் நாமக்கல் பட்டறைக்கு வந்தால் மட்டும், பத்து நாளைக்கு ஒருமுறைதான் வருவேன். நாலாவது மாதம் அங்கேயும் நிறுத்தினேன். தூக்கம் வந்தால் முகம் கழுவிவிட்டு வண்டியைச் சுற்றி ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்ப்பேன்.

குற்றாலச்சாரல்:

உங்களுக்கு நடந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன் தம்பி. ஆனால் அதைப் பார்த்து நூறு பேர் "நானும் குறைக்கிறேன்" என்று பத்து வருடம் ஓட்டுவார்களே, அதற்கு என்ன சொல்ல?

ஓஎம்ஆர் பையன்:

அந்த நூறு பேரில் நான் ஒருவன். ஒரு நாளைக்கு 12 சிகரெட்டிலிருந்து 4-க்கு வந்து ஒன்றரை வருடமாக 4-லேயே நிற்கிறேன். நாலு பரவாயில்லைதானே? இல்லாவிட்டால் வேப்புக்கு, அதாவது மின் சிகரெட்டுக்கு, மாறலாமா? லண்டனில் இருக்கும் நண்பன் அப்படித்தான் விட்டான்.

ஈரோடு மருந்தாளுநர்:

இந்த இடத்தில் நான் அண்ணாச்சி பக்கம். இங்கிலாந்தில் 697 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இரண்டு வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தச் சொன்னார்கள், மறு பாதியை ஒரு நாள் குறித்து ஒரேயடியாக நிறுத்தச் சொன்னார்கள். 2016-இல் வந்த ஆய்வு. ஆறு மாதம் கழித்து, ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 22 சதவீதம் பேர் நின்றார்கள், குறைத்தவர்களில் 15.5 சதவீதம். ஆனால் அண்ணாச்சி கவனிக்க வேண்டியது, இரண்டு பக்கத்துக்கும் நிக்கோட்டின் மருந்தும் ஆலோசனையும் கொடுத்தார்கள். லாரி அண்ணன் அந்த 15-இல் ஒருத்தர், அவருக்கு நாலாவது மாதம் என்று ஒரு முடிவு இருந்தது. தம்பி, உங்களுக்கு முடிவு நாள் இல்லை, அதுதான் வித்தியாசம்.

நாலு பரவாயில்லையா என்றால், இல்லை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் குடிப்பவருக்கே, இருபது குடிப்பவருக்குக் கூடுதலாக வரும் மாரடைப்பு ஆபத்தில் பாதி இருக்கிறது என்று 2018-இல் கண்டிருக்கிறார்கள். இருபதில் ஒரு பங்குதான் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வேப் இங்கே 2019 முதல் விற்பனைக்கே தடை. இங்கிலாந்தில் அதைச் சட்டப்படி தரம் பார்த்து விற்கிறார்கள், இங்கே திருட்டுத்தனமாக வருவதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதை விடுங்கள். வாரெனிக்ளின் என்று மாத்திரை இருக்கிறது, டாக்டர் சீட்டு வேண்டும், நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி 12 வாரம். சாப்பிட்ட பிறகு போடாவிட்டால் குமட்டும், கனவுகள் வரும். மனநிலையைக் கெடுக்கும் என்று முன்பு பயந்தார்கள், 8,000 பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வில் அப்படிக் கூடுதலாக எதுவும் தெரியவில்லை, விடுவதற்குப் பட்டையைவிட அதிகம் உதவியது. சென்னையில் இருப்பதால் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், புகையிலையை விட உதவும் மையம் அங்கே ரொம்ப வருடமாக உண்டு.

ஒரு சின்ன விஷயம். சில்லறையில் ஒன்று இரண்டாக வாங்குகிறவர் பெட்டியைப் பார்ப்பதே இல்லை, அதனால் தங்கச்சி சொன்ன அந்த இலவச எண் அவர் கண்ணில் படுவதே இல்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மேலப்பாளையம் மகள்:

61 வயதில் விட்டு என்ன பயன் என்று சொந்தக்காரர்கள் வாப்பாவிடம் கேட்கிறார்கள். அதற்குப் பதில் உண்டா, அண்ணா?

ஈரோடு மருந்தாளுநர்:

உண்டு, தங்கச்சி. பிரிட்டனில் டாக்டர்களையே 50 வருடம் தொடர்ந்து கவனித்துச் சொன்னது: 60 வயதில் விட்டவர்களுக்குச் சராசரியாக 3 வருடம் ஆயுள் கூடியது, 50-இல் விட்டால் 6, 40-இல் விட்டால் 9. வாப்பாவுக்கு ஸ்டென்ட் வேறு இருக்கிறது, விட்டதுதான் அவருக்குப் பெரிய மருந்து. கேட்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

குற்றாலச்சாரல்:

இரண்டு நாள் எழுதவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மாலையைவிட ஊர்தான் உதவியது என்று நீங்கள் சொன்னதை இன்னும் முழுசாக ஏற்க முடியவில்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். என் பெரிய அண்ணனுக்கு 58 வயது, காலையில் கண் விழித்ததும் பீடிதான், சாமி நம்பிக்கை கிடையாது. 14 மாதமாக "வைராக்கியமாக விடுங்கள்" என்று நானும் சொல்லிப் பார்க்கிறேன், இப்போது என்னைக் கண்டாலே எழுந்து போய்விடுகிறார். அவருக்குப் பல்செட். சூயிங்கம் ஒட்டிக்கொள்ளாதா?

ஈரோடு மருந்தாளுநர்:

ஒட்டிக்கொள்ளும், அவருக்கு அது வேண்டாம். பட்டை சரியாக இருக்கும். காலையில் குளித்துத் துவட்டிய பிறகு மேல்கையில் முடியில்லாத இடத்தில் ஒன்று, தினமும் இடம் மாற்றி ஒட்ட வேண்டும். ராத்திரி கனவு தொந்தரவு செய்தால் படுக்கும் முன் எடுத்துவிடலாம். எந்த அளவு என்பதை டாக்டர் சொல்லட்டும், இதயக் கோளாறு ஏதும் இருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். டீயையும் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள், புகையை நிறுத்தினால் உடம்பு காஃபினை மெதுவாகத்தான் வெளியேற்றும், அதே நாலு டீயில் கை நடுங்கும், தூக்கம் போகும், "பீடி இல்லாததால்தான் இப்படி" என்று அவர் நினைத்துவிடுவார்.

அவரிடம் இதை நீங்கள் பேச வேண்டாம் அண்ணாச்சி, அண்ணியை விட்டுப் பேசச் சொல்லுங்கள்.

குற்றாலச்சாரல்:

சரி. ஞாயிற்றுக்கிழமை அண்ணியைப் பார்க்கப் போகிறேன். அந்த எண்ணையும் எழுதி எடுத்துக்கொண்டேன்.