நிலோஃபர்: தாமரையா, அல்லியா? தமிழில் எப்படி எழுதுவது?

அக்குறணை வாப்பா:
அஸ்ஸலாமு அலைக்கும். மகளுக்கு நிலோஃபர் என்று பேர் வைக்கப் போகிறோம். சிலர் தாமரை என்கிறார்கள், சிலர் நீல அல்லி என்கிறார்கள். எது சரி? பதியும்போது எப்படி எழுதினால் பிழை வராது?

மாத்தளைக் குவளை:
வஅலைக்குமுஸ்ஸலாம். நீல அல்லிதான். சமஸ்கிருத நீலோத்பலம் (நீலம் + உத்பலம்) ஈரானுக்குப் போய், இஸ்லாத்துக்கு முந்திய பாரசீகமான பஹ்லவியில் நீலோபல் ஆனது. பிறகு லகரம் ரகரமாகி, பகரம் ஃபகரமாகி நீலோஃபர் ஆயிற்று. அதே சொல் தமிழில் நீலோற்பலம். 1986இல் இலங்கையின் தேசிய மலரான நில் மானெலுக்குத் தமிழ்ப் பாடப்புத்தகம் சொல்லும் பேரும் இதுவே. எவ்வளவு அழகான பொருத்தம்!

தாமரையோடு குழம்ப வேண்டாம். தாமரை இலை நீருக்கு மேலே எழும், முழு வட்டமாக இருக்கும். அல்லி இலை நீரில் படுத்துக் கிடக்கும், காம்பு சேரும் இடம் வரை ஒரு பிளவு தெரியும்.

ஹட்டன் பாரசீகம்:
ஒன்று சேர்க்கிறேன். இன்றைய ஈரானில் வெறும் நீலூஃபர் என்றால், காலையில் பூத்து வாடும் அந்தக் கொடிப்பூவையும் நினைப்பார்கள். அல்லியைத் தெளிவாகச் சொல்ல நீலூஃபரே ஆபி, அதாவது 'நீர் நீலூஃபர்' என்பார்கள். ஈரானின் பழைய ஜொராஸ்திரிய சமய நூலான புந்தஹிஷ்னில் இந்தப் பூ நீர்த் தெய்வமான ஆபானுக்கு உரியது. பிரெஞ்சில் அல்லியைக் குறிக்கும் நெனூஃபாரும் இந்தச் சொல்லின் வழிதான்.

அக்குறணை வாப்பா:
ஜஸாக்கல்லாஹ். அப்போது நிலோஃபரா, நிலூஃபரா? ஓகாரமா, ஊகாரமா?

மாத்தளைக் குவளை:
இரண்டும் சரி. பழைய ஓகாரத்தை ஆப்கானிஸ்தானும் இந்தியப் பாரசீகமும் காத்தன. ஈரானில் அது ஊகாரமானது. நம் பக்கம் ஓகாரமே பழக்கம்.

எழுத்தில்தான் கவனம் வேண்டும். 'நிலோபர்' என்று எழுதினால், இடையில் வரும் ப தமிழில் 'b' ஒலியாகி, பிள்ளையை வகுப்பில் வேறு மாதிரிக் கூப்பிடுவார்கள். ஆய்தத்தோடு 'நிலோஃபர்' என்று எழுதுங்கள். சிங்களத்தில் அந்த ஒலிக்குத் தனி எழுத்தே உண்டு. அதைப் போடச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலை இப்போதே முடிவு செய்து, பாடசாலை முதல் கடவுச்சீட்டு வரை அதையே பாவியுங்கள்.

பிள்ளை பிறந்த இடத்தின் பிரிவுப் பதிவாளரிடம்தான் பதிய வேண்டும். உங்கள் வீடு இருக்கும் பிரிவில் அல்ல. கண்டி ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் அங்கேயே. 3 மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவாகிவிடும், வேலை கூடும். கையெழுத்துப் போடுமுன் ஃ விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே தவறினால் பிறகு திருத்த விண்ணப்பம்தான்.